ஞாயிறு மட்டும் வந்து போகிறவர்கள்

சென்னையில் ஏழைகள் நடுவே ஊழியம் என்று யாராவது பேச்செடுத்தால், நாம் உடனே பழைய பெயர்களை எடுத்து வைக்கிறோம். ஸ்காட்லாந்திலிருந்து 1888ல் வந்த டாக்டர் மெட்டில்டா மெக்ஃபெயில் ராயபுரத்துப் பெண்களுக்கு மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். அந்தப் பணிதான் இன்றைய ரெய்னி ஆஸ்பத்திரி. இத்தாலியிலிருந்து வந்த சலேசியக் குரு மந்தோவானி வியாசர்பாடியில் 'பியாட்டிட்யூட்ஸ்' என்ற தொண்டு இல்லத்தைத் தொடங்கி, நோயாளிகளோடும் கைவிடப்பட்டவர்களோடும் காலம் கழித்து, 1967ல் இறந்தார். தெருவில் வளரும் பிள்ளைகளுக்காக 1980களில் அன்பு இல்லம் வந்தது. ராயபுரத்தில் அன்னை தெரசாவின் சகோதரிகள் நடத்தும் குழந்தைகள் இல்லத்தையும் சேர்த்துக்கொள்வோம். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கும்போது நம் குரலில் ஒரு பெருமை ஏறிவிடுகிறது. அதில் உன் பங்கு என்ன என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை என்பதால் தப்பித்துக்கொண்டிருக்கிறோம்.

நாம் என்று நான் சொல்வது, இந்த நகரத்தின் பழைய சபைகளைச் சேர்ந்தவர்களை. சி.எஸ்.ஐ., கத்தோலிக்கர், லுத்தரன், மெத்தடிஸ்ட் என்று வாசலில் எந்தப் பலகை தொங்கினாலும் உள்ளே உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் ஒரே மாதிரி ஆட்கள்தான். படித்தவர்கள், மாதச் சம்பளக்காரர்கள், பென்ஷன்காரர்கள், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பியவர்கள். நானும் அதில் ஒருவன். வெளியே நின்று கல்லெறிய எனக்கு இடமில்லை.

வண்ணாரப்பேட்டை, ராயபுரம், பெரம்பூர், புளியந்தோப்பு, வேப்பேரி, புரசைவாக்கம் பக்கம் நம் தாத்தாக்கள் குடியிருந்தார்கள். ரயில்வேயிலும் துறைமுகத்திலும் அச்சகத்திலும் பி அண்ட் சி மில்லிலும் வேலை பார்த்தார்கள். ஆலயத்துக்கு நடந்து போனார்கள். வழியில் குடிசைகள் இருந்தன, குழாயடி இருந்தது, சண்டை இருந்தது. இழவு வீட்டைத் தாண்டித்தான் ஆராதனைக்குப் போக வேண்டும் என்றால், அந்த வீட்டில் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போயிருப்பார்கள். அவர்களை மகான்கள் என்று சொல்ல வரவில்லை. சாதி பார்த்தவர்கள் அவர்களிலும் உண்டு. ஆனால் ஒரே தெருவில் வாழ்ந்ததால், பக்கத்து வீட்டுப் பசி அவர்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

நாம் அண்ணா நகருக்குப் போனோம், வேளச்சேரிக்குப் போனோம், மடிப்பாக்கம், தாம்பரம் என்று போய்க்கொண்டே இருந்தோம். பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம், கொஞ்சம் நல்ல காற்று, தண்ணீர் வரும் வீடு என்று தேடிப் போனதில் பாவம் ஒன்றுமில்லை. ஆனால் ஆலயத்தின் சந்தாப் புத்தகத்தில் பெயரை மட்டும் அங்கேயே விட்டுவிட்டுப் போனோம். கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் கடைசியில் கல்லறைத் தோட்டத்தில் ஓர் இடத்துக்கும் அந்த ஆலயம் வேண்டும். அதனால் ஞாயிறு காலை கார் எடுத்து வருகிறோம். கார் நிறுத்த இடம் வேண்டும் என்பதால் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிய மைதானத்தில் சிமெண்ட் கல் பதித்தோம். சிமெண்ட் கல்லைப் பாதுகாக்க கேட், கேட்டுக்கு வாட்ச்மேன், வாட்ச்மேனைக் கண்காணிக்க கேமரா. பன்னிரண்டு மணிக்குப் பூட்டினால் மறு ஞாயிறுதான் திறக்கிறோம். சுற்றிலும் வாழும் ஜனத்துக்கு நம்மைத் தெரியாது, நம் வண்டி எண்கள்தான் தெரியும்.

இப்படி விட்டு நகர்ந்து போகிற பழக்கத்துக்கு வயது அதிகம். பாரிமுனை பக்கம் எஸ்பிளனேடில் இருந்த சென்னை கிறிஸ்தவக் கல்லூரி 1937ல் தாம்பரத்துக்குப் போனது. மரங்களும் மான்களும் உள்ள அந்த வளாகத்தில் படித்தவர்கள் அதைச் சொர்க்கம் என்பார்கள், எனக்கும் மறுக்க மனமில்லை. இடநெருக்கடிக்கு அவர்கள் கண்ட வழி அது. மறு வருடமே, 1938ல், சென்னையில் பணியாற்றிய மிஷனரி சி. டபிள்யூ. ரான்சன் இந்த நகரத்தின் சமூக வாழ்வைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் வெளியிட்டது. இங்குள்ள சேரிகளையும் கூலிக்காரர் நிலைமையையும் உட்கார்ந்து ஆராய்ந்து எழுதிய ஆள் நம்மவர்களில் ஒருவர். சென்னை வரலாற்றை ஆராய்கிறவர்கள் இன்றும் அந்தப் புத்தகத்தை எடுத்துப் படிக்கிறார்கள். நம் சபைகளில் அதன் பெயரைக் கேட்டால் முழிப்போம். கல்லூரி நகர்ந்ததைக் கொண்டாட நமக்கு ஞாபகம் இருக்கிறது. யாரை விட்டு நகர்ந்தோம் என்று எழுதிய புத்தகம் ஞாபகத்தில் இல்லை.

நம் தாத்தாக்கள் வேலை பார்த்த பி அண்ட் சி மில் 1996ல் மூடப்பட்டது. 1921 வேலைநிறுத்தமும் அதையொட்டிப் புளியந்தோப்பில் நடந்த கலவரமும் வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கின்றன. மில் மூடிய பிறகு பெரம்பூர், ஓட்டேரி, வியாசர்பாடி வீடுகளில் என்ன நடந்தது என்பதை நம் ஆலய ரிஜிஸ்தரில்தான் தேட வேண்டும். வேலை போனவர்களில் நம் சபையாரும் இருந்தார்கள். அவர்கள் முதலில் பின் வரிசைக்கு நகர்ந்தார்கள். பிறகு பண்டிகைக்கு மட்டும் வந்தார்கள். பிறகு வரவில்லை. ஏன் வரவில்லை என்று வீடு தேடிப் போய்க் கேட்க நமக்கு நேரமில்லை. சந்தா பாக்கி என்று பெயருக்கு எதிரே எழுதினோம். பாக்கி நீண்டதும் வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர் தானாக விழுந்துவிட்டது. கமிட்டித் தேர்தலுக்கு எவ்வளவு ஆள் திரட்டுகிறோம், எத்தனை வழக்குப் போடுகிறோம் என்று யோசித்தால், பட்டியலிலிருந்து விழுந்த ஒரு குடும்பத்தைத் தேடிப் போக நேரம் இல்லாமல் போனது ஏன் என்பது கொஞ்சம் விளங்கும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நமக்கு நாமே அநியாயம் செய்ததாகும். ஆபத்து வந்தால் நாம் ஓடி வருகிறோம். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. காசிமேட்டிலிருந்து பட்டினப்பாக்கம் வரை கரையோரக் குப்பங்களுக்குப் பாத்திரமும் பாயும் அரிசியும் கொண்டுபோனதில் நம் சபைகள் பின்தங்கவில்லை. 2015 வெள்ளத்தில் ஆலயங்களைத் திறந்துவிட்டோம், பள்ளிக்கூடங்களில் சமைத்துப் போட்டோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் தண்ணீர் வடியாமல் நின்றது. எண்ணூரில் மீனவர் படகிலும் வலையிலும் எண்ணெய் படிந்தது. அப்போதும் ரொட்டிப் பொட்டலங்களோடு போனோம். படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டோம். தண்ணீர் வடிந்ததும் நாமும் வடிந்துவிட்டோம். எண்ணெய் படிந்த வலைக்கு இழப்பீடு வாங்க ஒரு மீனவப் பெண் எத்தனை மேஜைக்கு அலைந்தாள், அந்த மனுவை எழுத யார் உதவினார்கள் என்பதெல்லாம் நம் நிவாரண அறிக்கையில் வராது. வெள்ளத்துக்கு நடுவில் நம்மிடம் இருந்த இரக்கம் உண்மையானதுதான். அதற்கு ஆயுசு குறைவு என்பதுதான் நம்மைப் பற்றிய வருத்தம்.

2015 வெள்ளத்துக்குப் பின்னால் நகரம் தன் ஏழைகளை வெளியே அனுப்பும் வேகம் இன்னும் கூடியது. குடிசை மாற்று வாரியம் 1970ல் வந்தபோது குடியிருக்கும் இடத்திலேயே வீடு என்பது பெரிய வாக்குறுதி. 2000 வாக்கில் கண்ணகி நகர் வந்தது. அங்கே மட்டும் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி, அதன் பின் எட்டு மாடி அடுக்குகளாகப் பெரும்பாக்கம். கூவம், அடையாறு கரைகளில் தலைமுறையாக வாழ்ந்தவர்களை லாரியில் ஏற்றி, பிழைப்பு நடந்த இடத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி இறக்கினார்கள். இதில் அரசாங்கத்தைக் குறை சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள், அந்த வேலை நடக்கட்டும். நான் கேட்பது வேறு. லாரியில் ஏறியவர்களில் நம் ஆலய மணி கேட்கும் தூரத்தில் குடியிருந்தவர்கள் எத்தனை பேர்? படிப்பு வருடத்தின் நடுவில் வீட்டை இடித்தபோது, பரீட்சை முடியும்வரை அந்தப் பிள்ளைகள் தங்கிப் படிக்கட்டும் என்று ஆலயத்தின் காலி ஹாலைக் கொடுக்க நமக்குத் தோன்றியதா? அந்த ஹால் அன்றைக்கு ஒரு கல்யாண வரவேற்புக்கு வாடகைக்குப் போயிருக்கும். ஆற்றங்கரை சுத்தமானதும் பாலத்தில் போகும்போது கார் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, பரவாயில்லையே, நாற்றம் குறைந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டவர்கள் நாம்.

ஐசுவரியவான், லாசரு உவமையை எத்தனை முறை கேட்டிருக்கிறோம். அந்தப் பணக்காரன் லாசருவை அடித்ததாகவோ வாசலிலிருந்து விரட்டியதாகவோ கதையில் இல்லை. அவன் தன் வீட்டில் சாப்பிட்டான், தன் வாசல் வழியாகப் போனான் வந்தான், அவ்வளவுதான். செத்த பிறகு அவனுக்கு லாசருவின் பெயர் தெரிந்திருக்கிறது. அதாவது உயிரோடு இருந்தபோதும் தெரிந்தே இருந்திருக்கிறது. பிரசங்க மேடையில் இதை நரகத்தைப் பற்றிய எச்சரிக்கையாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். வாசலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நம் கேட்டைப் பற்றியும் பேச வேண்டிவரும்.

பள்ளிக்கூட விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் நம் மனது எனக்கு அதிகமாகப் பிடிபடுகிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009ல் வந்தது. தனியார் பள்ளிகள் முதல் வகுப்பில் நான்கில் ஒரு பங்கு இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்றது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. சிறுபான்மையினரின் நிர்வாக உரிமையைக் காக்க வேண்டியது அவசியம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தீர்ப்பு வந்த அன்று நாம் விட்ட பெருமூச்சில் உரிமை எவ்வளவு, ஃபீஸ் எவ்வளவு என்று நம் மனசாட்சிக்குத் தெரியும். சேரிப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கிறோம் என்று இந்த நாட்டில் தலைநிமிர்ந்து சொன்னவர்கள் நாம். அந்தப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டாம் என்று தீர்ப்பு சொல்லவில்லை. சேர்க்கக் கட்டாயமில்லை என்றது. யாரும் கட்டாயப்படுத்தாமலே நான்கில் ஒரு பங்கைக் கொடுத்திருக்கலாம். அதே வளாகத்தில் ஆங்கில வழிக் கட்டடம் மாடி மாடியாக உயர, அரசு உதவி பெறும் தமிழ் வழி வகுப்புகள் ஓரத்துக் கட்டடத்தில் ஆள் குறைந்து சுருங்கிக்கொண்டிருப்பதை நிறைய இடங்களில் பார்க்கலாம். நம் சொந்தப் பேரப்பிள்ளைகள் எந்தக் கட்டடத்தில் படிக்கிறார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

பண விஷயத்திலும் நமக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. பால்வாடி, தையல் வகுப்பு, போர்டிங், இரவுப் பாடசாலை என்று ஏழைகளுக்கு நாம் நடத்தியவற்றில் பெரும்பகுதி வெளிநாட்டுச் சபைகள் அனுப்பிய பணத்தில் நடந்தது. அந்தப் பணத்துக்குச் சட்டக் கட்டுப்பாடு கூடியதும், அங்குள்ள சபைகளே சிறுத்ததும், நாம் ஒவ்வொன்றாக மூடினோம். காரணம் கேட்டால் ஃபண்டு இல்லை என்கிறோம். அறுப்பின் பண்டிகையில் ஒரு பூசணிக்காயைப் போட்டி போட்டு ஆயிரக்கணக்கில் ஏலம் எடுக்கிற சபைகள் நாம். ஆலயத்துக்குக் குளிர்சாதன வசதி செய்ய ஒரே மாதத்தில் பணம் சேர்கிறது. தெருவிலுள்ள பிள்ளைக்கு மாலையில் சுண்டல் கொடுக்க மட்டும் ஜெர்மனியிலிருந்து பணம் வரவேண்டும் என்று எப்படி நினைத்துக்கொண்டோம்? இரக்கத்தை அடுத்தவர் செலவில் வைத்துப் பழகியதால், செலவு நின்றதும் இரக்கமும் நின்றுவிட்டது.

கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013ல் புதிதாகவே வந்துவிட்டது. நம் ஆலய வளாகத்துக் கழிவுத் தொட்டி அடைத்துக்கொண்டால் யாருக்குப் போன் போகிறது, வந்தவர் எப்படி இறங்குகிறார் என்று கமிட்டியில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? இந்த நகரத்தைத் துப்புரவு செய்கிறவர்களில் தெலுங்கு பேசும் கிறிஸ்தவக் குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களுடைய சிறு சபைகள் நம் பெரிய ஆலயத்துக்கு அடுத்த தெருவில்தான் இருக்கின்றன. வாழ்த்துச் சொல்லிக்கொள்ள வருடத்தில் ஒரு நாளாவது அங்கே போயிருக்கிறோமா? அவர்கள் வீட்டில் பெண் எடுப்பது பற்றிக் கேட்கவே வேண்டாம். மணமகள் தேவை விளம்பரத்தில் சபையின் பெயருக்குப் பக்கத்திலேயே சாதியின் பெயரையும் போடுகிறவர்கள் நாம்.

இன்னொரு கூட்டத்தை நாம் இரண்டு விதமாகவும் காயப்படுத்தியிருக்கிறோம். 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவராகும் தலித்துக்குப் பட்டியல் சாதிச் சலுகை கிடையாது. அதனால் நம்மோடு ஆராதிக்கிறவர்களில் எத்தனையோ பேர் சான்றிதழில் இந்து ஆதிதிராவிடர். ஞானஸ்நானம் எடுத்தாலும் ரிஜிஸ்தரில் பெயர் வேண்டாம் என்று போதகரிடம் கெஞ்சுகிறார்கள். மகளுடைய கல்லூரி இடம் அதில் தொங்கிக்கொண்டிருக்கிறது. இழக்க ஒன்றுமில்லாத நாம் அவர்களை அரைகுறை விசுவாசிகள் என்கிறோம். ரிஜிஸ்தரில் பெயர் இல்லை என்பதையே காரணமாக வைத்து அவர்களுக்கு ஓட்டும் கொடுப்பதில்லை, கல்லறையில் இடமும் கொடுப்பதில்லை.

நாம் காலி செய்துவிட்டு வந்த இடத்தில் யாரும் இல்லாமல் போய்விடவில்லை. கண்ணகி நகரிலும் வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் தகர ஷெட்டிலும் அடுக்குமாடியின் தரைத்தளத்திலும் ஜெப வீடுகள் இருக்கின்றன. பகலில் ஆட்டோ ஓட்டுகிறவர், பெயின்ட் அடிக்கிறவர், ஒரு வீட்டு வேலைக்காரப் பெண்ணின் கணவர் மாலையில் பாஸ்டர். எந்த வீட்டில் நேற்று ராத்திரி அடி விழுந்தது, எந்தப் பையன் போதை மாத்திரைக்குப் போகிறான், யார் வட்டிக்காரனுக்குப் பயந்து ஒளிந்திருக்கிறான் என்பது அவருக்குத் தெரியும், ஏனென்றால் அவர் வீடும் அதே பிளாக்கில். நாம் அவர்களை ஷெட் பாஸ்டர் என்று கேலி பேசினோம், ஆடு திருடுகிறார்கள் என்று புகார் சொன்னோம். மேய்க்காமல் விட்ட ஆடுகள் அவை.

அங்கே எல்லாமே நேராக இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். அன்றாடக் கூலியில் தசமபாகம் பிடிக்கிறவர்கள் உண்டு. காசநோய்க்காரரிடம் மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெபம் போதும் என்கிறவர்கள் உண்டு. ஆறு மாத மாத்திரை என்பது உயிர் விஷயம். ஆனால் ஆஸ்பத்திரியும் இறையியல் கல்லூரியும் நர்ஸுகளும் வக்கீல்களும் நம்மிடம்தான் இருந்தார்கள். அந்த ஆட்டோக்கார பாஸ்டருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மாத்திரையும் சாப்பிடச் சொல்லுங்கள் ஐயா, ஜெபமும் செய்யுங்கள் என்று மரியாதையாகச் சொல்ல நம்மில் ஒருவர் போயிருந்தால் போதும். மேடைக்கு மேடை தவறான உபதேசம் என்று எச்சரிப்பது நமக்குச் சுலபமாக இருந்தது. அந்த நாலு மாடி ஏறிப் போவது கஷ்டமாக இருந்தது.

இப்போதெல்லாம் ஒரு சாக்கு கைவசம் வைத்திருக்கிறோம். சேரிக்குப் போனால் மதம் மாற்றுகிறார்கள் என்று பழி வரும், காலம் சரியில்லை என்கிறோம். காலம் சரியில்லைதான். ஆனால் முதியோர் பென்ஷன் படிவம் நிரப்பிக் கொடுப்பதற்கும், பத்தாம் வகுப்புப் பையனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதற்கும், ஸ்டான்லி ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு பாட்டியோடு நிற்பதற்கும் துண்டுப் பிரசுரம் தேவையில்லை. காலம் நன்றாக இருந்த வருடங்களிலும் நாம் போகவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

திரும்பிப் போக வழி அடைபட்டுவிடவில்லை. வார நாள் மாலையில் ஓய்வுநாள் பள்ளி அறைகளைப் படிப்பதற்குத் திறந்துவிட்ட சபைகள் இருக்கின்றன. மின்விசிறியும் விளக்கும் குடிதண்ணீரும் கழிப்பறையும் உள்ள ஓர் அறை, பத்துக்குப் பத்து வீட்டில் ஆறு பேரோடு வாழும் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அங்கே போய்ப் பார்த்தால் தெரியும். நம் சபைகளில் ஓய்வுபெற்ற ஆசிரியைகள், வங்கி ஊழியர்கள், நர்ஸுகள் நிறைந்து கிடக்கிறார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வருடாந்தரப் புடவை நிறம் பற்றி நடக்கும் விவாதத்தில் பாதி நேரம் போதும். வாலிபர் சங்கம் கிறிஸ்துமஸ் கேரலுக்கு வாடகை பஸ் பிடித்து அண்ணா நகரைச் சுற்றுகிறது. அதே பஸ் ஒரு மாலை பெரும்பாக்கம் போகட்டும், பட்டியலிலிருந்து விழுந்த பெயர்களைக் கையில் வைத்துக்கொண்டு. கேக் கொடுக்கத் தேவையில்லை. அவர்கள் டீ போட்டுக் கொடுப்பார்கள், உட்கார்ந்து குடித்துவிட்டு வந்தால் சரி. நாம் கொடுக்கிறவர்களாகவும் அவர்கள் வாங்குகிறவர்களாகவும் மட்டுமே இருந்துவிட்டதும் நாம் செய்த பிழைகளில் ஒன்று.

இதைப் படிக்கிறவர்களில் கமிட்டியில் இருக்கிறவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். அடுத்த கூட்டத்தின் பொருள் நிரலில் கார் நிறுத்தமும் ஹால் வாடகையும் வரும். அவற்றுக்கு மேலே மூன்று வரி சேருங்கள். சந்தா பாக்கியால் நீக்கப்பட்ட குடும்பங்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்பது ஒன்று. நம் பள்ளியில் அடுத்த ஜூனில் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு எத்தனை இடம் என்பது இன்னொன்று. திங்கள் முதல் வெள்ளி வரை மாலை ஐந்து மணிக்கு ஆலயக் கேட்டை யார் வந்து திறப்பது என்பது மூன்றாவது. மூன்றாவதற்கு ஆள் கிடைக்கவில்லை என்றால், உங்கள் பெயரையே எழுதிக் கொடுங்கள்.